உங்களுக்குத் தெரியுமா? ஒரு லட்சம் பவுண்டு பேத்தி

● லேடி டயானா ஸ்பென்சர் என்ற பெண்ணை வேல்ஸ் இளவரசருக்குக் கட்டிவைக்கத் திட்டம் போட்டார்கள். கல்யாணம் நடக்கவில்லை. ‘நடந்ததே, 1981-ல் ஊரே டிவியில் பார்த்ததே!’ என்கிறீர்களா? அது வேறு டயானா. நான் சொல்வது 1710-ல் பிறந்தவளை. அதே குடும்பம், அதே பெயர், மாப்பிள்ளைக்கும் அதே பட்டம். ஐந்து வயதில் தாயையும் பதினோரு வயதில் தகப்பனையும் இழந்த பெண். அவளை வளர்த்து, அரண்மனை வரைக்கும் சம்பந்தம் பேசியவர் அம்மாவைப் பெற்ற பாட்டி. நம் ஊர்க் கணக்கில் அம்மாச்சி. இந்த முறை பத்தி முழுக்க இந்த இருவருக்கும்தான்.

● பாட்டியின் பெயர் சாரா சர்ச்சில், மார்ல்பரோ டச்சஸ். பிறந்தது 1660. இங்கிலாந்து ராணி ஆனின் உயிர்த்தோழி. கடிதம் எழுதும்போது ராணி, டச்சஸ் என்ற மரியாதையெல்லாம் கிடையாது. ராணிக்கு ‘திருமதி மார்லி’, சாராவுக்கு ‘திருமதி ஃப்ரீமன்’ என்று புனைபெயர். ராணியின் உடைகள், அந்தரங்க அறை, சொந்தப் பணம் மூன்றும் சாராவின் பொறுப்பில் இருந்தன. அதற்கு அடையாளம் ஒரு தங்கச் சாவி. சிநேகிதம் முறிந்து 1711-ல் அந்தச் சாவியைத் திருப்பிக் கேட்டுவிட்டார் ராணி. 2018-ல் வந்த ‘தி ஃபேவரிட்’ படம் இந்தச் சண்டையைப் பற்றியதுதான். சாராவாக ரேச்சல் வைஸ் நடித்திருப்பார். படத்தில் பேத்தி கிடையாது. கதையின் நல்ல பகுதி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது என்பது என் கட்சி.

● டயானாவின் அம்மா ஆன், சாராவின் மகள். 1716 ஏப்ரலில் இறந்தாள். தன் காலத்துக்குப் பிறகு கணவர் படிக்கவேண்டும் என்று ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தாள். பெண்பிள்ளைகளை என் அம்மாவிடம் விடுங்கள், வேலைக்காரர்கள் கையில் விட்டுவிடாதீர்கள் என்பது அதில் இருந்த முக்கியமான வேண்டுகோள். ‘வேண்டுகோள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 1660-ல் வந்த சட்டப்படி, தன் பிள்ளைகளுக்குக் கார்டியனை உயில் மூலம் நியமிக்கும் உரிமை தகப்பனுக்குத்தான். பெற்றவளால் கேட்கத்தான் முடியும்.

கணவர் சண்டர்லாந்து பிரபு அந்த வேண்டுகோளை மதித்தார். கடைக்குட்டி டயானா பாட்டி வீட்டுக்கு வந்தாள். அடுத்த வருஷமே அவர் மறுமணமும் செய்துகொண்டார். அதற்காக மாமியார் அவரை மன்னிக்கவே இல்லை.

● மகள் இறந்த அடுத்த மாதம் சாராவின் கணவருக்குப் பக்கவாதம். அவர் ஐரோப்பாவையே நடுங்கவைத்த தளபதி ஜான் சர்ச்சில். 1704-ல் பிளெனிம் போரில் பிரெஞ்சுப் படையை முறியடித்தவர். வாய் குழறி உட்கார்ந்துவிட்ட தாத்தாவை மகிழ்விக்க, பிளெனிம் அரண்மனையில் பேரப்பிள்ளைகளும் அவர்களுடைய தோழிகளும் சேர்ந்து ஒரு நாடகம் போட்டார்கள். ஆண்டனி – கிளியோபாட்ரா காதலைச் சொல்லும் டிரைடனின் நாடகம். வீட்டில் கிடந்த திரைத்தட்டிகள்தான் காட்சிச் சீலை. ஆண்டனி வேஷம் கட்டிய சிறுமியின் இடுப்பில் தொங்கியது அட்டைக்கத்தி அல்ல. பேரரசர் ஒருவர் தாத்தாவுக்குப் பரிசாகக் கொடுத்த அசல் வாள்.

பாட்டி சென்சார் போர்டு. காதல் வசனங்களில் அதிகப்படியாகத் தெரிந்ததையெல்லாம் பேனாவால் அடித்துவிட்டார். கட்டிப்பிடிக்கும் காட்சிக்குத் தடை. கட்டிப்பிடிக்காத கிளியோபாட்ராவைப் பார்த்துத் தாத்தா மகிழ்ந்தாராம்.

● 1722 டயானாவுக்குப் பொல்லாத வருஷம். பெரியம்மைக் கொப்புளத்தின் சீழை நல்ல உடம்பில் கீறி ஏற்றினால் நோய் கடுமையாகத் தாக்காது என்ற துருக்கி வைத்தியம் அப்போதுதான் லண்டனுக்கு வந்திருந்தது. சண்டர்லாந்து தன் புது மனைவியின் கைக்குழந்தைக்கு அதைச் செய்வித்தார். குழந்தை இறந்துவிட்டது. ஏப்ரல் 19-ம் தேதி அவரே இறந்தார். ஜூன் 16-ல் தாத்தா. ஒரே பருவத்தில் வீட்டில் மூன்று சாவு.

சாராவுக்கு பெரியம்மை பழைய விரோதி. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த ஒரே வாரிசு மகனை 1703-லும், இன்னொரு மகளை 1714-லும் அது கொண்டுபோயிருந்தது.

● அதே 1722-ன் கிறிஸ்துமஸ் நாளிலிருந்து இங்கிலாந்தில் பூப்போட்ட பருத்தித் துணி உடுத்துவது சட்டப்படி குற்றம்! நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் கப்பலாகப் போன சாய, அச்சுத் துணிகளில் சீமாட்டிகள் மயங்கியதில், உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கலவரம் செய்தார்கள். தெருவில் போகும் பெண்களின் பாவாடையைக் கிழிக்கும் அளவுக்கு. அதன் விளைவுதான் 1721-ல் இயற்றப்பட்ட அந்தச் சட்டம்.

● சாராவின் கூந்தலைப் பற்றி ஒரு கதை. இளவயதில் பொன்னிறத்தில் அடர்த்தியான கூந்தல். ஒருநாள் கணவரோடு சண்டை. அவருக்குப் பிடித்ததே இந்த முடிதானே என்று அதை அடியோடு கத்தரித்து, அவர் தாண்டிப் போயாகவேண்டிய அறையில் மேஜைமேல் போட்டுவிட்டார். போனார், வந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாரா திரும்பி வந்து பார்த்தபோது மேஜைமேல் முடியும் இல்லை. பல வருஷம் கழித்து, அவர் இறந்த பிறகு பீரோவைத் திறந்தால், உயிராகப் பாதுகாத்த பொருள்களுக்கு நடுவே அந்த முடி. இதைச் சொல்ல ஆரம்பித்தால் பாட்டி அழாமல் முடித்ததில்லையாம். பேத்தி எத்தனை முறை கேட்டிருப்பாளோ!

● விதவையான பாட்டிக்கு அறுபத்திரண்டு வயதில் மாப்பிள்ளை வந்தது தெரியுமா? வந்தவர் சாமானியர் அல்ல, ‘கர்வம் பிடித்த டியூக்’ என்று ஊர் பேர் வைத்த சாமர்செட் டியூக். உலகத்தையே காலடியில் வைத்தாலும் மார்ல்பரோவுக்குக் கொடுத்த கையை இன்னொருவருக்குக் கொடுக்கமாட்டேன் என்று பதில் போனது. டியூக் கோபித்துக்கொள்ளவில்லை, தான் யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்று அவரிடமே யோசனை கேட்டார்.

● இவ்வளவு செல்வாக்கும் எதனால்? பணம். திருமணமான பெண்ணின் சொத்து கணவனுக்கே என்பது அந்தக்கால ஆங்கிலச் சட்டம். சாரா தன் பணத்தை டிரஸ்டிகள் பெயரில் தனியாக ஒதுக்கி வைத்து, கணவர் இருந்த காலத்திலேயே சொந்தமாக நிர்வகித்தார். 1720-ல் தென்கடல் கம்பெனியின் பங்குகள் தாறுமாறாக ஏறியபோது நாடே கடன் வாங்கி அதில் போட்டது. இது நிற்காது என்று கணித்த சாரா, உச்சத்தில் விற்று வெளியே வந்துவிட்டார். கம்பெனி கவிழ்ந்தது. பெரிய பெரிய குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. சாராவுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 1,00,000 பவுண்டு. இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

● வேல்ஸ் இளவரசர் ஃபிரெடரிக் 1728 டிசம்பரில் ஜெர்மனியிலிருந்து லண்டன் வந்து சேர்ந்தார். தகப்பன் இரண்டாம் ஜார்ஜ் மன்னருக்கும் மகனுக்கும் ஆகாது. கைச்செலவுக்கே பணம் தராமல் இறுக்கிப் பிடித்தார் தகப்பன். இளவரசர் தலைக்குமேல் கடன். இந்தச் சமயம் பார்த்துச் சாரா ஆள் அனுப்பினார்: என் பேத்தி டயானாவைக் கட்டிக்கொள்ளுங்கள், சீதனம் 1,00,000 பவுண்டு. இளவரசர் ‘சரி’ என்றார். நாளும் குறித்தாயிற்று. இடம், விண்ட்சர் பெரிய பூங்காவில் சாரா வசித்த மாளிகை. ரகசியக் கல்யாணம்.

நடக்கக்கூடிய காரியமா என்று தோன்றும். சட்டப்படி நடக்கக்கூடியதே! ராஜகுடும்பத்தார் மன்னர் சம்மதமில்லாமல் மணக்கக்கூடாது என்ற சட்டம் 1772-ல்தான் வந்தது. ரகசியக் கல்யாணங்களைப் பொதுவாகத் தடுத்த சட்டமே 1753-ல்தான். அதுவரை ஒரு பாதிரியார் இருந்தால் போதும், முடிச்சு முடிச்சுதான். பாட்டிக்கு இது புதிதும் அல்ல. அவரே ஜான் சர்ச்சிலை ரகசியமாகக் கட்டிக்கொண்டவர்தான்.

பிரதமர் ராபர்ட் வால்போலின் காதுக்குச் செய்தி எட்டியது. கல்யாணம் நின்றது. இதையெல்லாம் எழுதி வைத்தவர் பிரதமரின் மகன் ஹொரேஸ் வால்போல். அதுவும் சம்பவம் நடந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து. எதிராளி வீட்டுப் பிள்ளை சொல்லும் கதை என்பதால் உப்புக் காரம் கூடியிருக்கலாம். ஆனால் சாராவின் சுபாவத்துக்கு இது பொருந்தாது என்று யாராலும் சொல்ல முடியாது.

● டயானா கொடுத்துவைக்காதவளா? ஃபிரெடரிக் 1751-ல் தகப்பனுக்கு முன்பே இறந்தார். அவரைக் கட்டிக்கொண்டவள் ராணி ஆகியிருக்க வழியே இல்லை.

● லண்டனில் சாராவின் வீடு மார்ல்பரோ ஹவுஸ். 1709-ல் அஸ்திவாரக் கல்லை அவரே நாட்டினார். வரைபடம் கிறிஸ்டோபர் ரென். அரண்மனைக்குப் பக்கத்துச் சுவர் என்பதால் மன்னரைச் சாதாரணமாகப் ‘பக்கத்து வீட்டு ஜார்ஜ்’ என்பாராம். வீட்டுக்குப் பெல் மெல் சாலையிலிருந்து அகலமான வாசல் வைக்க ஆசைப்பட்டார். முன்னால் இருந்த வீடுகளைப் பிரதமர் வால்போல் முந்திக்கொண்டு வாங்கிப்போட்டு வழியை மறித்துவிட்டார். அந்தக் கட்டடத்தில் இன்று இருப்பது காமன்வெல்த் தலைமைச் செயலகம். இந்தியாவும் இலங்கையும் உறுப்பு நாடுகள்.

● பாட்டியோடு யாரும் நிம்மதியாக இருந்ததில்லை, டயானாவைத் தவிர. உயிரோடு எஞ்சிய இரண்டு மகள்களோடும் பேச்சுவார்த்தை கிடையாது. கட்டடக் கலைஞர் வான்ப்ரூ, தான் வரைந்து கட்டிய பிளெனிம் அரண்மனையை 1725-ல் ஒருமுறை பார்த்துவர நண்பர்களோடு போனபோது, வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பச் சொன்னார் சாரா.

டயானாவின் சொந்த அக்கா ஆன் பேட்மன் பட்டபாடு இன்னும் மோசம். குடும்பத்துக்கு ஆகாத வீட்டில் தம்பி சம்பந்தம் வைத்துக்கொண்டதற்கு இவள்தான் காரணம் என்று பாட்டிக்குக் கோபம். முகத்தில் கரி பூசுவது என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம். சாரா நிஜமாகவே பூசினார். வீட்டில் மாட்டியிருந்த அக்காவின் ஓவியத்தில், முகத்தில் மட்டும். உள்ளே இதைவிடக் கரி என்று கீழே எழுதியும் வைத்தாராம். இதையும் சொன்னவர் ஹொரேஸ் வால்போல்தான்.

● கடைசியில் டயானாவைக் கட்டிக்கொண்டவர் ஜான் ரஸ்ஸல். 1731 அக்டோபர் 11-ல் திருமணம். பெட்ஃபோர்டு டியூக்கின் தம்பி. தம்பிக்குப் பட்டம் கிடையாது. செஸ்டர்ஃபீல்டு பிரபு பெண் கேட்டிருந்தும், பாட்டி ரஸ்ஸலைத் தேர்ந்தெடுத்தார். அந்த அண்ணனையும் பாட்டிக்கு நன்றாகவே தெரியும். சாராவின் இன்னொரு பேத்தியைத்தான் 1725-ல் கட்டியிருந்தார். சூதாட்டப் பிரியர், பிள்ளை இல்லை. ஒரே வருஷத்தில், போர்ச்சுகலுக்குப் போகும் வழியில் ஸ்பெயினில் இறந்தார். தம்பி டியூக் ஆனார். டயானா இருபத்திரண்டு வயதில் டச்சஸ்.

● அந்தக் கால மேட்டுக்குடிக் கல்யாண ஒப்பந்தத்தில் மூன்று தொகை பேசுவார்கள். பெண் வீட்டார் தருவது ஒன்று. கணவன் இறந்தால் விதவைக்கு வருஷாவருஷம் கிடைப்பது இன்னொன்று. மூன்றாவது, மனைவி யாரிடமும் கணக்குச் சொல்லாமல் செலவழிக்கக் கணவன் தரவேண்டியது. இதற்குக் ‘குண்டூசிப் பணம்’ என்று பெயர். தொகை குண்டூசி சைஸில் இருக்காது.

● பேத்தி புக்ககம் போனதும் பாட்டியின் கடிதங்கள் துரத்தின. 1732 முதல் 1735 வரை எழுதியவற்றை கிளாடிஸ் ஸ்காட் தாம்சன் என்ற வரலாற்றாசிரியர் 1943-ல் தனிப் புத்தகமாகவே போட்டார். ராணியோடு அரசியல் செய்தவர் பேத்திக்கு எழுதுவது வீடு, வேலைக்காரர், மருந்து, சாமான் விலை. கீல்வாதம் முற்றிக் கால் ஊன்ற முடியாத வயதிலும் கடிதம் நிற்கவில்லை. பேத்திக்கு அவர் வைத்திருந்த செல்லப்பெயர் ‘கார்டீலியா’. லியர் மன்னனின் மூன்று மகள்களில் மாறாத அன்பு கொண்ட கடைசிப் பெண்.

● 1732 கோடையில் கீல்வாதத்துக்குத் தண்ணீர் வைத்தியம் செய்துகொள்ள ஸ்கார்பரோ என்ற கடலோர ஊருக்குப் போனார் சாரா. அங்கே பேதியாகும் ஊற்றுநீரைக் குடிப்பதுதான் சிகிச்சை. குடித்த பெண்கள் ஒதுங்க ஒரே ஒரு அறை. அதில் இருபதுக்கு மேல் துளைகள், அடியில் இழுத்து எடுக்கும் பெட்டிகள், நடுவில் மறைப்பு எதுவும் இல்லை. கதவருகே ஒரு குவியல் இலை. உள்ளே போகிற சீமாட்டி ஒவ்வொருவரும் கையில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போகவேண்டும். பிரிட்டனின் மிகப்பெரிய பணக்காரி இதைப் பேத்திக்கு எழுதுகிறார், அசிங்கம் தாங்காமல். தண்ணீர் எதற்கானது என்று சொல்லிவிட்டேன். இலை எதற்கு என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

● 1732-ல் கர்ப்பமாயிருந்த டயானாவின் வண்டி விபத்துக்குள்ளானது. குறைமாதத்தில் ஆண் குழந்தை. டியூக்கின் வாரிசு என்பதால் பிறந்த கையோடு டேவிஸ்டாக் மார்க்வெஸ் என்ற பட்டம். ஞானஸ்நானம் முடிந்த மறுநாள் குழந்தை இறந்தது. அடுத்த கர்ப்பமும் நிலைக்கவில்லை. 1735-ல் காலையில் எழுந்ததும் குமட்டல். மறுபடி பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்றே எல்லாரும் நம்பினார்கள். ஆனால் வயிறு பெருக்கவில்லை, உடம்பு இளைத்துக்கொண்டே போனது. காசநோய். செப்டம்பர் 27-ம் தேதி லண்டன் புளூம்ஸ்பரியில் இருந்த வீட்டில் இறந்தாள். வயது இருபத்தைந்து. செனீஸ் என்ற கிராமத்துத் தேவாலயத்தில், கணவர் குடும்பத்துக் கல்லறையில் அடக்கம். பாட்டிக்கு அப்போது எழுபத்தைந்து. அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் உயிரோடு இருந்தார்.

● உடம்பில் கொப்புளம் எழுப்பும் வைத்தியத்துக்குச் சம்மதிக்காவிட்டால் பிழைக்கமாட்டார் என்று வைத்தியர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது, பேச்சுமூச்சில்லாமல் கிடந்த பாட்டியின் காதில் விழுந்ததாம். கொப்புளமும் வேண்டாம், சாகவும் மாட்டேன் என்று எழுந்து உட்கார்ந்தாராம். சாகவில்லை. 1742-ல் தன் அரசவைக் காலத்தைப் பற்றிப் புத்தகமே வெளியிட்டார். எழுத உதவியவருக்குக் கூலி 5,000 பவுண்டு.

● 1744 அக்டோபர் 18-ல் எண்பத்து நான்கு வயதில் சாரா இறந்தார். உயிலில், வால்போலை எதிர்த்துப் பேசியதற்காக இளம் எம்.பி. வில்லியம் பிட்டுக்கு 10,000 பவுண்டு. டயானாவுக்குச் சீதனமாகப் பேசிய தொகையில் பத்தில் ஒரு பங்கு! பெண் கேட்டுக் கிடைக்காத செஸ்டர்ஃபீல்டுக்கு 20,000. சொத்தில் பெரும்பகுதி டயானாவின் அண்ணன் ஜானி ஸ்பென்சருக்கு, ஒரு நிபந்தனையோடு: அரசாங்கப் பதவியோ பென்ஷனோ வாங்கக்கூடாது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருந்த கணவரின் உடலைக் கொண்டுவந்து பிளெனிமில் தன்னோடு வைக்கவேண்டும் என்பதும் உயிலில் உண்டு. அப்படியே செய்தார்கள்.

● அந்த ஜானியின் ஏழாம் தலைமுறைப் பேத்திதான் 1981-ல் நீங்கள் பார்த்த டயானா. ஜானியின் அண்ணன் வழியில் வந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். சாரா வாங்கி ஜானிக்குக் கொடுத்த ஊர்களில் ஒன்று விம்பிள்டன்.

● டயானாவின் கணவர் 1737-ல் மறுமணம் செய்துகொண்டு, தூதராகவும் ஆனார். 1761-ல் ஆங்கிலேயர் பிடித்துத் தரைமட்டமாக்கிய புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களுக்கே திரும்பப் போகும் என்றும், ஆற்காட்டு நவாப் முகமது அலிதான் என்றும் முடிவு செய்தது 1763 பிப்ரவரி 10-ம் தேதிப் பாரிஸ் ஒப்பந்தம். அதில் இங்கிலாந்தின் சார்பில் ‘பெட்ஃபோர்டு’ என்று கையெழுத்திட்டவர் அவரே.